பெங்களூரில் டைல்ஸ் கான்ட்ராக்ட் தொடங்குவோர் வங்கியையும் கணக்குக் கருவிகளையும் தேர்ந்தெடுப்பது எப்படி

டைல்ஸ், கிரானைட், மார்பிள் பதிக்கும் வேலையைச் சில ஆண்டுகள் மேஸ்திரியாகப் பார்த்துவிட்டு, சொந்தமாகக் கான்ட்ராக்ட் எடுக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த பேங்க்கில் கணக்குத் திறப்பது நல்லது?" என்ற கேள்வியைத்தான். நியாயமான கேள்வி என்றாலும், அதற்கு முன்னால் தீர்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தத் தொழிலில் பணம் எந்த நாளில் வருகிறது, எந்த நாளில் போகிறது, கணக்கில் நிற்கும் தொகையில் நமக்குச் சொந்தமானது எவ்வளவு என்பது தெரியாமல், வங்கியையோ மென்பொருளையோ கடனையோ சரியாகத் தேர்ந்தெடுக்க முடியாது.

ஒரு வேலையைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தல்

சர்ஜாபூர் சாலையில் 1,200 சதுர அடி ஃபிளாட் ஒன்றுக்கு, பொருளோடு சேர்த்துச் சதுர அடிக்கு 160 ரூபாய் என்று பேசியிருப்பதாக வைத்துக்கொள்வோம். வேலையின் மதிப்பு 1,92,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி 34,560 ரூபாய். மொத்தம் 2,26,560 ரூபாய். வீட்டுக்காரர் பாதித் தொகையை, அதாவது 1,13,280 ரூபாயை, அட்வான்ஸாக அனுப்புகிறார். கைப்பேசியில் அந்தச் செய்தியைப் பார்க்கும்போது வேலை லாபத்தில் தொடங்கிவிட்டது போலத்தான் தோன்றும்.

வெட்டுச் சேதத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்து 1,320 சதுர அடி டைல்ஸ் வாங்க வேண்டும். வரியோடு சேர்த்துச் சதுர அடி 65 ரூபாய் என்றால் 85,800 ரூபாய் கடைக்குப் போகிறது. இருபது கிலோ பசை மூட்டை 24, மூட்டை 450 ரூபாய் வீதம் 10,800 ரூபாய். கையில் மிஞ்சுவது 16,680 ரூபாய். இரண்டு மேஸ்திரிகளுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 1,200 ரூபாயும் இரண்டு ஹெல்பர்களுக்கு ஆளுக்கு 800 ரூபாயும் என்று வைத்தால், முதல் சனிக்கிழமையன்று ஆறு நாளுக்கு 24,000 ரூபாய் கூலி கொடுத்தாக வேண்டும். அட்வான்ஸ் வாங்கிய முதல் வாரத்திலேயே 7,320 ரூபாய் குறைகிறது.

அதோடு முடியவில்லை. பொருளோடு சேர்த்துத் தரை பதித்துக் கொடுப்பதை ஜிஎஸ்டி சட்டம் பணி ஒப்பந்தமாக, அதாவது ஒரு சேவையாகக் கருதுகிறது; சேவைக்கு வாங்கும் அட்வான்ஸுக்கு, அது கைக்கு வந்தவுடனேயே வரிப் பொறுப்பு பிறந்துவிடுகிறது. மேலே சொன்ன அட்வான்ஸில் 17,280 ரூபாய் அரசுக்குரிய வரி. டைல்ஸுக்கும் பசைக்கும் ஏற்கெனவே கட்டிய வரியான சுமார் 14,735 ரூபாயை உள்ளீட்டு வரி வரவாகக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் டைல்ஸ் கடைக்காரர் உங்கள் ஜிஎஸ்டி எண்ணோடு பில் போட்டு, தம்முடைய ரிட்டர்னையும் ஒழுங்காகத் தாக்கல் செய்திருந்தால்தான் அந்த வரவு, ஜிஎஸ்டி தளத்தில் உங்களுக்குக் கிடைக்கும் வரி வரவுப் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பியில் தெரியும். எண் இல்லாத பில்லை வாங்கி வந்தால் பதினான்காயிரத்துச் சொச்சமும் உங்கள் சொந்தப் பணத்திலிருந்துதான் போகும்.

உங்களிடம் கடைசியாக முடிந்த இரண்டு மூன்று வேலைகளை இதே முறையில், உண்மையான விலைகளைப் போட்டு எழுதிப் பாருங்கள். எந்த வாரத்தில் எவ்வளவு குறைகிறது என்பது தெரிந்தால், வங்கி மேலாளர் முன்னால் உட்காரும்போது என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

பெயரும் பதிவுகளும்

தனி உரிமையாளராகத் தொடங்குவதே பெரும்பாலோருக்குப் போதும். அப்படியானால் உங்கள் சொந்த பான் எண்ணே நிறுவனத்தின் பான் எண்ணாகும். நிறுவனத்தின் பெயரில் நடப்புக் கணக்குத் திறக்க, அந்தப் பெயரில் தொழில் நடக்கிறது என்பதற்குப் பொதுவாக இரண்டு ஆவணங்களை வங்கிகள் கேட்கும். உத்யம் எனப்படும் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவின் சான்றிதழ், ஜிஎஸ்டி பதிவு, கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டப் பதிவு ஆகியவற்றில் இரண்டு இருந்தால் வேலை எளிதில் முடியும். உத்யம் பதிவு அரசின் தளத்தில் முற்றிலும் இலவசம். அதற்குக் கட்டணம் கேட்கும் தளங்கள் அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டும், கவனமாக இருக்க வேண்டும்.

பெயரை எல்லா இடங்களிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுவது மிக முக்கியம். ஆதாரில் தமிழ்நாட்டு வழக்கப்படி ஒற்றை முன்னெழுத்தும், பான் அட்டையில் தகப்பனார் பெயர் முழுவதும் விரிந்தும் இருப்பது நம்மவர்களுக்கு அடிக்கடி வரும் தொல்லை. கணக்குத் திறக்கப் போகுமுன் இரண்டையும் ஒத்துப்போகும்படி திருத்திக்கொள்வது நல்லது. வாடகை அறையிலிருந்து தொழில் நடத்துகிறவர் வாடகை ஒப்பந்தத்தையும் வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதத்தையும் கேட்டு வாங்கி வைத்திருக்க வேண்டும்.

ஜிஎஸ்டியில் எந்த வழி

கர்நாடகத்தில் சேவை வழங்குகிறவரின் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். பொருள் மட்டும் விற்கும் கடைகளுக்கு உள்ள 40 லட்சம் என்ற வரம்பை நினைத்துக்கொண்டு பலர் தாமதிக்கிறார்கள். பதித்துக் கொடுப்பது சேவை என்பதால் அந்த வரம்பு நமக்குப் பொருந்தாது. கூலி மட்டும் வாங்கி, டைல்ஸை வீட்டுக்காரரே வாங்கித் தரும் வேலைகளாக எடுத்தால் விற்றுமுதல் மெதுவாகத்தான் ஏறும். பொருளோடு எடுத்தால், மேலே பார்த்தது போன்ற பத்துப் பன்னிரண்டு வேலைகளிலேயே 20 லட்சம் வந்துவிடும்.

சிறியவர்களுக்கு இணக்க வரி முறை (கம்போசிஷன்) என்று ஒன்று உண்டு. சேவை வழங்குகிறவர் 50 லட்சம் விற்றுமுதல் வரை, மொத்தம் 6 சதவீதம் கட்டினால் போதும். ஆனால் அந்த வரியை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது, உள்ளீட்டு வரி வரவும் கிடையாது, வேறு மாநிலத்துக்குச் சேவை வழங்கவும் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனை பெங்களூரில் இருக்கும் தமிழ்க் கான்ட்ராக்டர்களுக்குத்தான் அதிகம் உறைக்கும். அசையாச் சொத்தில் செய்யும் வேலைக்கு அந்தச் சொத்து இருக்கும் இடமே வழங்கும் இடமாகக் கொள்ளப்படுவதால், அத்திப்பள்ளியைத் தாண்டி ஓசூரில் ஒரே ஒரு ஃபிளாட் எடுத்தாலும் அது மாநிலம் கடந்த வழங்கல் ஆகிவிடும். ஓசூர் வேலை வரக்கூடியவர்களும், உள்ளீட்டு வரி வரவை எதிர்பார்க்கும் பில்டர்களுக்கு வேலை செய்கிறவர்களும் சாதாரணப் பதிவையே எடுப்பது நல்லது என்பது என் கருத்து.

வங்கியைத் தேர்ந்தெடுத்தல்

சொந்த ஊரில் அப்பா காலத்திலிருந்து கணக்கு இருக்கும் வங்கியின் பெங்களூர்க் கிளையைத் தேடிப் போவது நம்மவர் வழக்கம். இந்தியன் வங்கி, கரூர் வைஸ்யா, சிட்டி யூனியன், தமிழ்நாடு மெர்கன்டைல் போன்றவற்றுக்கு இங்கே கிளைகள் இருக்கின்றன. தமிழில் பேசி விவரம் கேட்க முடிவது சிறிய வசதியன்று. இருந்தாலும் மொழியை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. கனரா வங்கிக்குத் தலைமையகமே பெங்களூர்தான். உஜ்ஜீவன், ஜனா ஆகிய சிறு நிதி வங்கிகளும் இந்த ஊரைச் சேர்ந்தவை. குறைந்தது மூன்று கிளைகளுக்கு நேரில் போய்க் கட்டணப் பட்டியலைக் கையில் வாங்கி ஒப்பிட வேண்டும்.

அந்தப் பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது குறைந்தபட்ச இருப்பு. நடப்புக் கணக்கில் இருக்கும் பணத்துக்கு வட்டி கிடையாது. அப்படியிருக்க, மாதச் சராசரி 25,000 ரூபாய் வைக்க வேண்டும் என்று ஒரு வங்கி சொன்னால், அந்தத் தொகை நிரந்தரமாக முடங்குகிறது என்று பொருள்; ஒரு வாரக் கூலி அதில் அடங்கிவிடும். சராசரியை மாதத்துக்குக் கணக்கிடுகிறார்களா, காலாண்டுக்கா என்று கேளுங்கள். அட்வான்ஸ் வந்த வாரத்தில் இருப்பு உயர்ந்தும் மற்ற வாரங்களில் வறண்டும் கிடக்கும் நமது தொழிலுக்குக் காலாண்டுச் சராசரியே தோது.

அடுத்தது ரொக்கம். தனி வீட்டு வேலைகளில் ரொக்கமாகக் கொடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாதம் எவ்வளவு ரொக்கத்தைக் கட்டணமில்லாமல் கட்டலாம், அதற்கு மேல் ஆயிரத்துக்கு எவ்வளவு பிடிப்பார்கள், பணம் கட்டும் இயந்திரம் நீங்கள் வழக்கமாகப் போய்வரும் பாதையில் இருக்கிறதா என்பவற்றைக் கேட்க வேண்டும். ஒயிட்ஃபீல்டில் சைட் வைத்துக்கொண்டு சிவாஜி நகர்க் கிளைக்குப் பணம் கட்டப் போனால் அரை நாள் வேலை போய்விடும். ஒரே வேலைக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

காசோலைக் கட்டணம், நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் கட்டணம் முதலியவை பெரும்பாலான வங்கிகளில் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். அவற்றில் அதிக நேரம் செலவிட வேண்டாம். வைப்புக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை மட்டுமே என்பதால், அதற்கு மேல் பெரிய தொகை நெடுநாள் நிற்குமானால் அது எங்கே நிற்கிறது என்பதில் கவனம் வேண்டும். மேலாளரிடம் மறக்காமல் கேட்க வேண்டிய இன்னொன்று, ஓராண்டு கணக்கு ஒழுங்காக ஓடினால் ஓவர்டிராஃப்ட், அதாவது இருப்புக்கு மேல் ஒரு வரம்பு வரை பணம் எடுக்கும் வசதி, தருவீர்களா, எந்த ஆவணங்களின் பேரில் தருவீர்கள் என்பது. பதிலில் தெளிவு இல்லாத கிளையை விட்டுவிடுவதே மேல்.

நடப்புக் கணக்கு ஒன்றோடு நிறுத்தாமல், வரிக்கென்று தனியாக இன்னொரு கணக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸோ பில் தொகையோ வந்த அன்றே, அதிலுள்ள ஜிஎஸ்டிப் பங்கை அந்தக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். உள்ளீட்டு வரி வரவைக் கழித்த பிறகு கட்ட வேண்டியது குறைவாகத்தான் இருக்கும். மிஞ்சியதை ரிட்டர்ன் தாக்கல் செய்த பிறகு திருப்பி எடுத்துக்கொள்ளலாம்.

வசூல்

யுபிஐ வழியாக வாங்குவதற்கு உங்கள் சொந்தச் சேமிப்புக் கணக்கின் கியூஆர் படத்தைக் காட்டாமல், நடப்புக் கணக்கோடு இணைந்த வணிகர் கியூஆரை வாங்கி வையுங்கள். யுபிஐ வரவுக்கு வணிகரிடம் கட்டணம் பிடிப்பது 2020 ஜனவரி முதல் இல்லை. 2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித்துறை, யுபிஐ வரவுகளின் அடிப்படையில் ஆயிரக்கணக்கான சிறு வணிகர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியதும், பெங்களூரின் பல கடைகளில் கியூஆர் அட்டைகள் கழற்றப்பட்டு "ரொக்கம் மட்டும்" என்ற தாள் ஒட்டப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். அந்தப் பயத்தில் ரொக்கத்துக்குத் திரும்புவது தீர்வாகாது. ஊரிலிருந்து தம்பி அனுப்பிய கைமாற்றும், சீட்டுப் பணமும், வாடிக்கையாளர் தந்த அட்வான்ஸும் ஒரே கணக்கில் கலந்து கிடந்தால், எது விற்றுமுதல் எது இல்லை என்று அதிகாரியிடம் விளக்குவது கடினம். தொழில் வரவு தனியாக நின்றால் அந்தக் கேள்வியே எழாது.

பில்டர்களும் இன்டீரியர் நிறுவனங்களும் நெஃப்ட் வழியாகவோ காசோலையாகவோ தருவார்கள். காசோலை மூன்று மாதத்துக்குத்தான் செல்லும். திரும்பி வந்துவிட்டால், வங்கியின் திருப்புக் குறிப்பு கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது சேர்ந்து 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். "அடுத்த வாரம் போடுங்க சார்" என்ற பேச்சில் இந்தக் கெடுக்கள் ஓடிவிடும்.

சனிக்கிழமைக் கூலி

இந்தத் தொழிலில் தவற முடியாத நாள் சனிக்கிழமை. ஒரு வாரம் கூலி தவறினால் திங்கட்கிழமை அந்த மேஸ்திரி வேறொருவர் சைட்டில் இருப்பார். ஆகவே கூலிக்கான வழியை முன்பே ஒழுங்குபடுத்த வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக யுபிஐ அனுப்புவதே நல்லது. வங்கியின் பதிவே கூலிப் பதிவேடாகவும் பயன்படும். சாதாரண யுபிஐக்கு நாளொன்றுக்கு ஒரு லட்சம் என்ற வரம்பு இருப்பதால், ஆட்கள் பெருகும்போது நடப்புக் கணக்கின் இணைய வங்கியில் மொத்தமாகப் பட்டியல் ஏற்றிப் பணம் அனுப்பும் வசதி தேவைப்படும். கணக்குத் திறக்கும்போதே அதைக் கேட்டு வையுங்கள்.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் ஆட்களில் சிலர், எல்லோருடைய கூலியையும் தங்கள் தலைவரிடம் மொத்தமாகக் கொடுக்கச் சொல்வார்கள். அது உங்கள் கணக்கில் கூலியா, உள்கான்ட்ராக்டா என்பதை ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்பதால், தலைவரிடம் ரொக்கக் கட்டாகக் கொடுப்பது இரண்டு வகையிலும் நட்டம். ரொக்கம் தவிர்க்க முடியாத இடத்தில், பெயர், நாள், தொகை எழுதி அவரவர் கையெழுத்தோ கைரேகையோ வாங்கிய கூலிப் புத்தகம் இருக்க வேண்டும்.

சைட்டில் ஸ்பேசர், க்ரவுட், வெட்டும் பிளேடு, ஆட்டோ வாடகை என்று சில்லறைச் செலவுகள் ஓயாது. சூப்பர்வைசர் கையில் உங்கள் டெபிட் அட்டையைக் கொடுப்பதைவிட, வாரத்துக்கு ஒரு தொகை மட்டும் நிரப்பிய முன்பணம் செலுத்திய அட்டை பாதுகாப்பானது. ஒவ்வொரு பில்லையும் அன்றே படமெடுத்து அனுப்பச் சொல்லிவிட வேண்டும்.

கணக்கு எழுதும் மென்பொருள்

பெங்களூரில் பிறந்த டேலியை இங்குள்ள ஆடிட்டர்கள் ஏறக்குறைய எல்லோரும் அறிவார்கள். கைப்பேசியிலேயே பில் போட நினைக்கிறவர்களுக்கு வியாபார் செயலி எளிது. அதுவும் இதே ஊர்தான். இணையம் வழியாக எங்கிருந்தும் பார்க்க விரும்புகிறவர்கள் சென்னை நிறுவனமான ஜோஹோவின் புக்ஸைப் பார்க்கலாம். எதை எடுத்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஒவ்வொரு சைட்டுக்கும் வரவு செலவைத் தனியாகக் காட்டுமா என்பதே. மொத்த லாபம் மட்டும் தெரிந்தால் போதாது. ஜிகணி கிரானைட் வேலையில் வந்த லாபத்தை மற்றொரு சைட்டின் வெட்டுச் சேதம் தின்றுகொண்டிருப்பது, சைட் வாரிக் கணக்கு இருந்தால்தான் கண்ணில் படும். டேலியில் இதற்குக் காஸ்ட் சென்டர் என்ற வசதி இருக்கிறது. உங்கள் ஆடிட்டர் பயன்படுத்தும் மென்பொருளையே நீங்களும் எடுத்தால் ஆண்டிறுதியில் பாதி அலைச்சல் குறையும்.

குஜராத்தின் மோர்பியிலிருந்து நேரடியாக டைல்ஸ் லோடு வரவழைக்கும் அளவுக்கு வளர்ந்தால், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு ஈ-வே பில் என்ற மின்னணுப் போக்குவரத்துச் சீட்டு வேண்டும். அதையும் அதே மென்பொருளில் எடுக்க முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பில்டரிடம் நிற்கும் பணம்

நிறுவனங்களுக்கு வேலை செய்யும்போது, ஒரே பில் 30,000 ரூபாயையோ ஓராண்டுத் தொகை ஒரு லட்சத்தையோ தாண்டினால், தனி உரிமையாளரிடம் ஒரு சதவீதம் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். கான்ட்ராக்டர்கள் வருமான வரிச் சட்டத்தின் பழைய பிரிவு எண்ணை வைத்து 194சி என்று காலங்காலமாகச் சொல்லி வருவது இதைத்தான். பான் எண் கொடுக்காவிட்டால் பிடித்தம் 20 சதவீதம். பில்லில் ஜிஎஸ்டியைத் தனி வரியாகக் காட்டினால் அடிப்படைத் தொகைக்கு மட்டுமே பிடிக்க வேண்டும். பிடித்த பணம் உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் காலாண்டுக்கு ஒருமுறை சரிபார்த்தால் போதும்.

அதைவிடப் பெரியது ரிடென்ஷன். பில் தொகையில் 5 முதல் 10 சதவீதத்தை, குறை வந்தால் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லி மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பார்கள். நமது லாபமே பெரும்பாலும் அந்த அளவுதான். எந்தத் தேதியில், எந்த நிபந்தனையில் அது விடுவிக்கப்படும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது.

உத்யம் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனங்களுக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தர வேண்டும் என்பது சட்டம். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி கேட்கவும் வழி உண்டு. இருப்பினும் பணி ஒப்பந்தங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்துமா என்பதில் நீதிமன்றங்கள் மாறுபட்ட கருத்துகளைச் சொல்லியிருப்பதால், இதை மட்டும் நம்பிக் கடன் கொடுத்துவிடக் கூடாது.

கடன்

இந்தத் தொழிலுக்குத் தேவைப்படும் கடன்கள் இரண்டு வகை. கட்டர், பாலிஷ் மெஷின், லேசர் லெவல் முதலியவற்றை வாங்கத் தவணைக் கடன் பொருத்தமானது. மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் 50,000 ரூபாய் வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண் என்ற பிரிவுகளில் பிணையில்லாமல் கிடைக்கும். சனிக்கிழமைக் குறையை ஈடுகட்டத் தவணைக் கடன் உதவாது. அதற்கு ஓவர்டிராஃப்டே சரி. எடுத்த தொகைக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டும் வட்டி. முதலில் எழுதிப் பார்த்த கணக்கில் வாரக் குறை 7,320 ரூபாய் என்றால், ஒரே சமயம் நான்கு சைட் ஓட்டுகிறவருக்கு 30,000 ரூபாய் அளவிலும், பில்டர் பில் ஒன்றிரண்டு நின்றால் அதற்கு மேலும் தேவைப்படும். அந்தக் காகிதத்தை மேலாளரிடம் காட்டிக் கேட்கலாம். வெறுமனே "பத்து லட்சம் வேண்டும்" என்று கேட்பதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

டைல்ஸ் கடை தரும் 30 நாள் கடனும் கடன்தான். ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை என்று இரண்டையும் கேட்டு, வித்தியாசத்தை ஓவர்டிராஃப்ட் வட்டியோடு ஒப்பிட்டால் எது மலிவு என்பது தெரியும். கைப்பேசியில் ஐந்து நிமிடத்தில் பணம் தந்து, தினமும் ஒரு தொகையைக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் செயலிகள் நமது தொழிலுக்கு ஒவ்வாதவை. நமக்கு வரவு தினமும் வருவதில்லை.

கையெழுத்திடுமுன், ஆண்டு வட்டியோடு கட்டணங்களையும் சேர்த்துக் காட்டும் முக்கிய விவரத் தாளைக் கேட்டு வாங்குங்கள். சிறு தொழில் தவணைக் கடன்களுக்கு 2024 அக்டோபர் முதல் அதைக் கொடுப்பது கட்டாயம். 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும் மாறும் வட்டிக் கடன்களை, குறு, சிறு நிறுவனங்கள் முன்கூட்டியே அடைத்தால் வணிக வங்கிகள் அதற்குக் கட்டணம் பிடிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. சிறு நிதி வங்கிகளுக்கு இந்தச் சலுகை 50 லட்சம் வரையான கடன்களுக்குப் பொருந்தும். ரிடென்ஷன் தொகை மொத்தமாக வரும் மாதத்தில் கடனை அடைக்க நினைக்கிறவர்கள், தங்கள் கடன் மாறும் வட்டியா நிலை வட்டியா என்பதை அந்தத் தாளிலேயே பார்த்துக்கொள்ளலாம்.